பழனிக்கு ஓடிய பேருந்து

எங்கள் திருத்தணியில் ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் ஊர் ஊராக இருக்காது. சென்னை, காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கத்திலிருந்தும், ஆந்திரத்தின் நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் காவடிகள் வந்தவண்ணம் இருக்கும். மலைக்கு ஏறும் 365 படிகளிலும் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. அன்று எங்களுக்கு விடுமுறை. எங்கள் வகுப்பில் வேதக்காரப் பிள்ளைகளும் உண்டு, முருகனைக் கும்பிடும் பிள்ளைகளும் உண்டு. கூட்டத்தை வேடிக்கை பார்ப்பதில் மட்டும் எங்களுக்குள் பேதமே இல்லை.

நாங்கள் நின்று வேடிக்கை பார்க்கும் இடம் பேருந்து நிலையத்திற்கு அருகில் உள்ளது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் அங்கே ஒரு சிற்றுண்டிக் கடை நடத்துகிறார். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஓர் இட்லிக் குண்டான், ஒரு தோசைக்கல், அவ்வளவே. விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் முதல் பேருந்தின் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சூடாக இட்லி கிடைக்கும். பள்ளி விட்டதும் தோழி நேரே கடைக்குப் போய்க் கடன் நோட்டை எடுத்து வரவு செலவு எழுதுவாள். கணக்குப் பாடத்தில் அவள் எங்களுக்கெல்லாம் மூத்தவள்!

இந்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் அவளுடைய தாய்மாமன் அங்கே வந்திருந்தார். முதல் நாள் வியாபாரம் நன்றாக நடந்த மகிழ்ச்சியில் இருந்தார். எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பார்த்துச் சொன்னார்: "பத்தாவது போதும் பாப்பா. அடுத்த வருசம் நீயும் அம்மாவோட கடையில நின்னா இன்னொரு அடுப்புப் போடலாம். கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு என்ன படிச்சாரு? மூணாவதைத் தாண்டல. எவ்வளவு பெரிய ஆளா வந்தாரு!"

தோழி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா சட்டினியைக் கிளறியபடி ஒன்றும் பேசவில்லை. மாமா கெட்டவர் அல்லர். கடைக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தவரே அவர்தாம். ஆகவே எதிர்த்துப் பேச எங்களுக்கு நா எழவில்லை. உண்மையைச் சொன்னால், பேசவும் தெரியவில்லை. ஜி.டி. நாயுடு என்றால் ஏதோ கண்டுபிடித்தவர் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத் தமிழாசிரியை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, உழைப்பால் வணிகத்தில் உயர்ந்தவர் என்று இவரையே எடுத்துக்கொண்டோம். நூலகத்தில் தேடியும் பெரியோரைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

கோவை மாவட்டத்தில் சூலூருக்கு அருகே கலங்கல் என்றொரு சிற்றூர். அங்கே ஓர் உழவர் குடும்பத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தவர் துரைசாமி. தந்தையார் கோபால்சாமி நாயுடு. ஆகையால் பிற்காலத்தில் ஜி.டி. நாயுடு என்று அழைக்கப்பட்டார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார் என்பதும், ஆசிரியர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடினார் என்பதும் எல்லோரும் சொல்லும் கதை. (இதை எங்கள் ஆசிரியைகள் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறோம்.) ஆக, மாமா சொன்னதில் பாதி சரி.

மீதிப் பாதி ஒரு மோட்டார் சைக்கிளில் தொடங்குகிறது. நாயுடு இளைஞராக வயலில் வேலை செய்துகொண்டிருந்த நாளில், வருவாய்த் துறை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் 'ரட்ஜ்' என்னும் ஆங்கிலேய வண்டியில் அவ்வழியே வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக ஓடும் வண்டியை அவர் அதற்கு முன் கண்டதில்லை. அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். கையில் பணமில்லை. கோவைக்குப் போய் ஓர் ஓட்டலில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இலை போட்டுப் பரிமாறி, காசு காசாகச் சேர்த்து, அதே அதிகாரியிடம் போய் 300 ரூபாய்க்கு அதே வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் உடனே ஊர் சுற்றப் புறப்பட்டாரா என்றால் அதுதான் இல்லை. வண்டியைத் திருகு திருகாகப் பிரித்துப் போட்டார். எது எதை இழுக்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்துவிட்டு மறுபடியும் பூட்டினார். எங்களில் ஒருத்தி ஒருமுறை வீட்டுத் தையல் இயந்திரத்தைப் பிரித்துவிட்டுப் பூட்டத் தெரியாமல் அம்மாவிடம் வாங்கியது எங்களுக்கு நினைவிருக்கிறது. மூன்று ஆண்டு உழைப்பில் வந்த ஒரே சொத்தைப் பிரித்துப் போட எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தை விட்டவர் படிப்பை விட்டவர் அல்லர் என்று எங்களுக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான். அந்த வண்டிதான் அவருடைய பாடப்புத்தகம்.

இதற்கு அடுத்த பகுதியைப் பலர் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாங்கள் அப்படித் தாண்ட விரும்பவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் நாயுடு திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கிப் பணம் சேர்த்தார். பிறகு இன்னும் பெரிதாகச் செய்யலாம் என்று பம்பாய்க்குப் போனார். அங்கே பஞ்சு வியாபாரத்தில் சேர்த்ததையெல்லாம் இழந்தார். அவர் சோம்பேறியாக இருந்தாரா? இல்லை. மோட்டார் சைக்கிளுக்காகப் பரிமாறிய அதே மனிதர்தாம், அதே உழைப்புத்தான். ஆனால் பஞ்சின் விலை எவருடைய வியர்வையையும் பார்த்து ஏறுவதில்லை. விலை உயரும் என்று நம்பி வாங்கி வைத்தவனுக்கு, விலை விழும்போது உழைப்பு கைகொடுக்காது. உழைத்தால் உயரலாம் என்று எழுதும் கட்டுரைகளில் இந்தப் பம்பாய்ப் பாடம் அனேகமாக இடம்பெறுவதில்லை.

வெறுங்கையுடன் கோவைக்குத் திரும்பியவர் சர் இராபர்ட் ஸ்டேன்ஸிடம் வந்து சேர்ந்தார். ஸ்டேன்ஸ் துரை இளவயதிலேயே இங்கிலாந்திலிருந்து வந்து கோவையில் காப்பித் தொழிலும் ஆலைத் தொழிலும் வளர்த்தவர். 1862-ஆம் ஆண்டிலேயே அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கியவர். அந்த முதியவர் இந்த இளைஞரிடம் சொத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார் என்று நினைக்கிறோம். கடன் கொடுத்து ஒரு பேருந்துக்கு வழி செய்தார். 1920-ஆம் ஆண்டு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடுவின் முதல் பேருந்து ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் வேறு யாருமல்லர், அவரேதாம்.

பழனி என்றதும் எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. பழனியும் முருகன் மலை, திருத்தணியும் முருகன் மலை; இரண்டும் அறுபடை வீடுகளில் சேர்ந்தவை. பழனிக் கூட்டத்தைக் கணக்குப் பார்த்து வண்டி விட்டவரை, எங்கள் ஊர்க் கூட்டத்தைக் கணக்குப் பார்த்து இட்லி அவிப்பவரோடு ஒப்பிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் அல்லவா?

அந்த வழித்தடத்தை அவர் எடுத்ததில் இருந்த நுட்பத்தையும் யோசித்துப் பார்த்தோம். பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழனிக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர். மாட்டு வண்டி மணிக்கு நான்கு அல்லது ஐந்து கிலோமீட்டர் போகும். மாட்டுக்கு இளைப்பாறுதலும் வேண்டும். வழியில் ஓர் இரவு தங்காமல் போய்ச் சேர முடியாது. பொள்ளாச்சி வரையில் இரயில் வந்திருந்தது. அங்கிருந்து பழனிக்கு அப்போது இரயில் இல்லை. ஆகப் போக விரும்புகிறவர்கள் இருந்தார்கள், போக வண்டிதான் இல்லை. வணிகத்துக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

ஆனாலும் இடம் மட்டும் போதாது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் யார் வண்டி விட்டாலும் நிறையும். திருவிழா இல்லாத ஒரு மழை நாளை எண்ணிப் பாருங்கள். பேருந்து ஒருமுறை போய்வரும் எண்ணெய்ச் செலவு, மூன்று பேர் ஏறினாலும் இருபது பேர் ஏறினாலும் ஏறக்குறைய ஒன்றேதான். மூன்று பேர்தானே என்று அன்று வண்டியை நிறுத்திவிட்டால் எண்ணெய் மிச்சமாகும். ஆனால் நின்றிருந்த அந்த மூன்று பேரும் மறுநாள் வரமாட்டார்கள், அவர்கள் ஊரில் போய்ச் சொல்வதால் இன்னும் முப்பது பேர் வரமாட்டார்கள். காலியாக இருந்தாலும் சொன்ன நேரத்துக்கு வண்டி புறப்பட்டால், இந்த வண்டியை நம்பி வீட்டிலிருந்து கிளம்பலாம் என்று ஊருக்குத் தெரியும். நம்பிக்கை வந்தபின் வண்டி நிறையும். ஜி.டி. நாயுடுவின் யு.எம்.எஸ். பேருந்துகளுக்குக் கோவைச் சீமையில் இருந்த பெயரே நேரம் தவறாமைதான். திருவிழா நாளில் உழைப்பது யாருக்கும் முடியும். ஆள் இல்லாத நாளில் அதே நேரத்துக்கு அதே வேலையைச் செய்வதற்குத்தான் விடாமுயற்சி என்று பெயர் என்பது எங்கள் கருத்து.

ஒரு பேருந்து பலவாகிச் சில ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட பேருந்துகள் ஆயின. தமிழ்நாட்டில் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய முதல்வர் அவர் அல்லர். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-லேயே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டவர். ஆனால் நாயுடு பேருந்தோடு நிற்கவில்லை என்பதே அவருடைய தனிச்சிறப்பு. வண்டி பழுதானால் பிறரிடம் அனுப்பாமல் தாமே பட்டறை வைத்தார். பட்டறையில் பயின்ற கைகள் வேறு பொறிகளையும் செய்யலாயின. 1937-ஆம் ஆண்டு டி. பாலசுந்தரம் நாயுடுவும் இவருமாகச் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரை உருவாக்கினார்கள். கோவை இன்று பம்பு செட்டுக்கும் மோட்டாருக்கும் பேர் பெற்ற ஊராக விளங்குகிறதே, அதன் ஊற்றுக்கண்களில் இது ஒன்று. மின்சார சவரக் கத்தி, மிக மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் செய்தவற்றின் பட்டியல் நீளும். எல்லாவற்றையும் எழுதினால் ஆசிரியை கத்தரித்துவிடுவார்.

எல்லாமே அவருக்கு வெற்றிதானா? 1952-ஆம் ஆண்டு இருவர் அமர்ந்து செல்லக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். அந்நாளில் பெருந்தொழில் எதையும் தொடங்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். அதற்கான சட்டம் 1951-இல் இயற்றப்பட்டிருந்தது. நாயுடுவின் காருக்கு உரிமம் கிடைக்கவில்லை, தயாரிப்பு நின்றது. 1991-இல் தொடங்கிய மாற்றங்களுக்குப் பிறகு பெரும்பாலான தொழில்களுக்கு அத்தகைய உரிமம் தேவையில்லாமற்போயிற்று. ஆனால் அவர் 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாளே காலமாகிவிட்டார். பம்பாயில் விலை அவரைத் தோற்கடித்தது, இங்கே ஒரு காகிதம். இரண்டு இடத்திலும் உழைப்பில் குறையில்லை.

இப்போது மாமாவின் வாதத்துக்கு வருகிறோம். படிக்காமலே பெரியவராக ஆனவர், மற்றவர்களுக்கும் படிப்பு வேண்டாம் என்று சொன்னாரா? 1945-ஆம் ஆண்டு கோவையில் அவருடைய நன்கொடையாலும் முயற்சியாலும் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியற் கல்லூரியும் தோன்றின. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். அந்தப் பொறியியற் கல்லூரிதான் இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் அதற்கு முதல்வராகவும் இருந்தார்! நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் கற்பித்துவிடலாம், மீதிக் காலம் வீண் என்பது அவர் கட்சி. அரசு அதற்கு இணங்காததால் விலகிக்கொண்டார். இதை நாங்கள் திரும்பத் திரும்பப் படித்தோம். படிப்பே வீண் என்று அவர் சொல்லவில்லை. படிப்பில் வீணடிக்கும் நேரத்தின் மேல்தான் அவருக்குக் கோபம். அவர் வெளிநாடுகளில் கண்டு சேகரித்த கருவிகளை எல்லாம் பூட்டி வைக்காமல் இளைஞர்கள் பார்த்துக் கற்க வேண்டும் என்று காட்சிக்கு வைத்தார். கோவை அவிநாசி சாலையில் உள்ள அருங்காட்சியகம் அந்த வழியில் வந்ததுதான். அதே சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் படித்த பிறகு எங்களில் ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். "நாயுடு பிடிக்கவில்லை என்றதும் பள்ளியைவிட்டு ஓடினார், ஓட்டலில் வேலை செய்தார், பம்பாய்க்குப் போனார், தோற்றார், திரும்பினார். நம்மில் ஒருத்தி இதில் எதைச் செய்ய முடியும்?" யாருக்கும் பதில் வரவில்லை. 1920-இல் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுத்திருப்பாரா? தோற்றுத் திரும்பியவளை வீட்டுக்குள் விட்டிருப்பார்களா?

அதனால் இன்னொரு கதையையும் தேடினோம். நாயுடு பணத்தை இழந்த அதே பம்பாயில், கிர்காம் பகுதியில், 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் ஏழு பெண்கள் தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மாடியில் கூடினார்கள். எல்லோரும் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள், குஜராத்தி பேசுகிறவர்கள். அதிகம் படிக்காதவர்கள். அவர்களுக்குத் தெரிந்த தொழில் அப்பளம் இடுவது ஒன்றுதான். சகன்லால் பாரேக் என்னும் சமூகத் தொண்டரிடம் 80 ரூபாய் கடனாகப் பெற்று, மாவு வாங்கி, அன்று நான்கு கட்டு அப்பளம் செய்தார்கள். அதுதான் இன்று நாடெங்கும் விற்கும் 'லிஜ்ஜத்' அப்பளத்தின் தொடக்கம். யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை, நட்டம் வந்தாலும் நாமே தாங்குவோம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டார்கள். இப்போது அதில் 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்குதாரர்களாக இருக்கிறார்கள். முதலாளி, கூலி என்ற பேச்சு அங்கே இல்லை. ஒருவரையொருவர் சகோதரி என்றே அழைக்கிறார்கள் (கான்வென்ட்டில் படிக்கும் எங்களுக்கு இது வேடிக்கையாகவும் இனிமையாகவும் இருந்தது). அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மாவைப் பிசைந்து கொடுப்பார்கள், பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போய் இட்டு, உலர்த்தி, மறுநாள் கொண்டுவர வேண்டும். எடையும் பருமனும் சரியாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். ஆயிரம் வீடுகளில் இட்டாலும் அப்பளம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். நாயுடுவின் பேருந்துக்கு நேரம் என்னவோ அதுவே இங்கே எடை. வெளியூர் போக முடியாத பெண்களிடம் வேலை தானே நடந்து போயிற்று. அவர்களுக்கும் ஒருவர் முதலில் நம்பிக் கடன் கொடுத்தார் என்பதை நாங்கள் கவனித்தோம். தன் கையே தனக்குதவி என்பார்கள். ஆனால் இரண்டு கதையிலும் தொடக்கத்தில் இன்னொருவர் கை இருக்கிறது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு தோழியின் கடன் நோட்டை எடுத்து, ஆடி மாதம் முழுவதையும் கூட்டிப் பார்க்கச் சொன்னோம். இரண்டு நாள் மாலை உட்கார்ந்து அவள் கணக்குப் போட்டாள். கிருத்திகை நாட்களில் விற்பனை அதிகம்தான். ஆனால் அன்றைக்குக் கூலிக்கு அமர்த்திய ஆள், அதிக விலைக்கு வாங்கிய தேங்காய், மீந்து புளித்துப்போன மாவு எல்லாவற்றையும் கழித்தால் கையில் நின்றது நாங்கள் நினைத்ததில் பாதிகூட இல்லை. மாத வாடகையையும் அரிசிக் கடைப் பாக்கியையும் அடைத்தது நாள்தோறும் நான்கரை மணிக்கு வந்து சாப்பிடும் ஓட்டுநர்களும் நடத்துநர்களும்தான். இன்னொரு அடுப்புப் போட்டால் திருவிழாவுக்கு உதவும், மற்ற நாட்களில் எண்ணெய் பூசி வைத்திருக்க வேண்டியதுதான் என்று அவள் சொன்னாள். இதைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கூட்டலும் கழித்தலும் மட்டும் போதவில்லை. எந்தச் செலவை எந்த நாளில் எழுதுவது என்று தெரியாமல் மேல்வகுப்பு அக்கா ஒருவரின் கணக்குப் பதிவியல் புத்தகத்தை வாங்கிப் பார்த்துத்தான் செய்தாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக வாசித்தோம். பொறியியற் கல்லூரி வந்த இடத்தில் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. தோழி தன் நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ரெண்டு பேர் போற காரு நெஜமாவே ரெண்டாயிரம் ரூபாதானா?" என்று கேட்டார்.

அவள் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பதினொன்னாவதுக்கு அப்ளிகேசன் உங்க சிஸ்டர் எப்பக் குடுப்பாங்க?"